வைத்தவர்தான் எடுக்க வேண்டும்

பாட்டு முடிந்துவிட்டது, ஊசியை இன்னும் எடுக்கவில்லை. டக், ஸ்ஸ்ஸ், டக், ஸ்ஸ்ஸ் என்று முன்னறையிலிருந்து வருகிற அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இம்மாகுலேட் அடுக்களைத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எடுக்கட்டும். வைத்தவர்தானே எடுக்க வேண்டும். இது அவள் போட்ட சட்டம்கூட இல்லை, கிளமென்ட் வாஸ் என்கிற அவள் புருசன், கப்பலில் கரண்டு வேலை பார்த்து உலகத்துத் துறைமுகமெல்லாம் சுற்றி வந்த மகானுபாவர், கல்யாணமான புதிதில் போட்ட சட்டம். ரெக்கார்டை யார் வைத்தார்களோ அவர்கள்தான் ஊசியையும் எடுக்க வேண்டும். இன்னொருத்தர் கை படக் கூடாது. பாட்டு முடிந்ததும் படக்கென்று வாயைத் திறந்து பேசவும் கூடாது, ஊசி எழும்புகிறவரை அந்தக் கடைசி வட்டத்தில் சுற்றுகிற சத்தமும் பாட்டோடு சேர்த்திதான். பூசை முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடுகிற கூட்டமா நாம் என்று கேட்டார் அன்றைக்கு. கேட்ட மனுசன் வருசத்துக்கு இரண்டு தடவை கோயிலுக்குப் போனால் அதிகம். பாட்டு முடிந்தால் தானாக எழும்பி வந்து உட்காருகிற பிளேயர்தான் அது, அந்த வசதி கெட்டுப்போய் எத்தனையோ காலமாகிறது, தெருவில் உள்ளவர்களின் மிக்ஸியை எல்லாம் கழற்றி மாட்டிக் கொடுக்கிறவர் இதை மட்டும் சரி பண்ண மாட்டேன் என்கிறார். "தானா ஏறி இறங்க அது என்ன லிஃப்டா இம்மா? மனுசன் எடுக்கணும்." சரி, மனுசன் எடுக்கட்டும். அவள் ஒரு இறாலின் தலையைத் திருகி எறிந்தாள். முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவினாள். நரம்பு பாதியில் அறுந்தது. இன்றைக்கு எல்லாமே பாதியில்தான் அறுகிறது.

வைத்த ரெக்கார்டு எது என்று முதல் தந்தி அதிர்ந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் வைப்பார் என்று தெரியும். சண்டை போட்டால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை இறங்கிப் பேச அந்த மனுசனுக்கு வராது, அவளுடைய ரெக்கார்டை எடுத்து வைப்பார், அதுதான் அவருடைய மன்னிப்பு. எந்தத் துறைமுகத்திலோ மழைக்கு ஒதுங்கிய கடையில் வாங்கினதாம், அட்டையின் ஓரம் நைந்து, பாடுகிறவளின் முகம் பாதி அழிந்து. பருமனான கறுப்புப் பெண், தொண்டையில் ஒரு மூட்டை சரளைக்கல்லை வைத்துக்கொண்டு பாடுவாள். ஊர்விட்டுப் போனவனுக்குச் சோறு எடுத்து வைக்கிறதா வேண்டாமா என்று ஒரு பாட்டு முழுக்க யோசிப்பாள், வேறு விசயமே கிடையாது. அதை முதல்முதலில் கேட்டபோது இம்மாகுலேட்டுக்கு வயது இருபத்தி மூன்று, வயிற்றில் ஷெரின், புருசன் மறுநாள் கப்பலேறப் போகிறவர். கன்னிமார் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டுப் பேராகச் சேர்ந்து தூய குரலில் தேவமாதா கீர்த்தனை பாடி வளர்ந்த காது அது. என்ன கண்றாவி இது, தொண்டை கட்டினவளுக்கு வெந்நீர் கொடுக்க ஆளில்லையா என்றுதான் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்து ஊசி சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த டக் ஸ்ஸ்ஸ் நடுவில் அவளுக்கு என்னவோ போல வந்தது, நாளைக்கு இந்த நேரம் அந்த நாற்காலி காலியாக இருக்கும், சோறு எடுத்து வைக்கிறதா வேண்டாமா. "இன்னொரு தடவ போடுங்க" என்றாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு எல்லாம் அதற்கப்புறம் சீனி போட்ட வெந்நீர். பத்திரிகையில் எழுதுகிறவர்கள் ப்ளூஸ் என்றால் நம் ஊர் ஒப்பாரி மாதிரி என்கிறார்கள், எழுதிவிட்டுப் போகட்டும், ஒப்பாரி எழவு வீட்டோடு முடிகிறது, ஊரே கூடி நின்று அழுகிறது. இது பருத்தித் தோட்டத்தில் அடிமையாகக் கிடந்த கறுப்பன் பாட்டு, துணைக்கு ஆள் இல்லாதவன் பாட்டு. செருப்பு கடிக்கிறதையும் வீட்டுக்காரன் விரட்டுகிறதையும் பாடுவான், பாடிவிட்டு அதே செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். இந்த ஊரில் இதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? இந்த வீட்டில் இரண்டு பேருக்குப் புரியும். அந்த இரண்டு பேரும் இப்போது ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டக், ஸ்ஸ்ஸ். ரெக்கார்டு ஓடத் தொடங்கியதும் அவள் எழுந்து போயிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு போய் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தால் போதும், அவர் திரும்பிப் பார்க்காமல் காலால் ஸ்டூலைத் தள்ளிவிடுவார், உட்கார் என்று அர்த்தம். போகவில்லை. கெஞ்சட்டும் கொஞ்சம் என்று இருந்தது. கெஞ்சுகிறதைக் கேட்க இனிக்கத்தான் செய்தது, இல்லையென்று சொன்னால் மாதா கண்ணைக் குத்துவாள். ரெக்கார்டின் அந்தப் பக்கம் முழுவதையும் அடுக்களையிலிருந்தே கேட்டாள், கடைசிப் பாட்டில் அந்தப் பெண் சோற்றை எடுத்து வைத்துவிட்டு விளக்கை அணைக்கிற இடத்தில் கத்தியைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். மேலும் கையெல்லாம் இறால். மீன் கையோடு ரெக்கார்டுப் பக்கம் வரக் கூடாது, அது இரண்டாவது சட்டம். எலுமிச்சம்பழத் தோல் வைத்துத் தேய்த்து, சோப்புப் போட்டு, அதையும் முகர்ந்து பார்த்துத்தான் அனுமதி. இந்த இறால் யாருக்காம்? சாயங்காலத் தொக்கு யாருக்காம்? அவளுக்கு இறால் தின்றால் உடம்பெல்லாம் தடிக்கும். காலையில் அந்தப் பேச்சுப் பேசிவிட்டு, அப்புறம் வாசலில் மீன்காரி குரல் கேட்டதும் ஓடிப்போய்ப் பெரிய இறாலாகப் பொறுக்கி வாங்கினாளே, அதற்கு என்ன பேர்? பேரெல்லாம் எதற்கு. வாங்கினாள், உரிக்கிறாள். அவர் அங்கே அவளுக்குப் பிடித்ததை வைக்கிறார், அவள் இங்கே அவருக்குப் பிடித்ததை உரிக்கிறாள், நடுவில் ஒரு சுவர்.

காலையில் அவள் பேசின பேச்சு. அதைத் தொடாமல் சுற்றிச்சுற்றி வந்தாலும் நாக்கு பல்லுக்குழிக்குள் போவது மாதிரி அங்கேதான் போகிறது. ஷெரின் பெங்களூரிலிருந்து அனுப்பின பாட்டில் ஆரம்பித்தது. அங்கே யாரோ ஒரு புதுப் பெண், முப்பது வயதுகூட இருக்காது, எலக்ட்ரிக் கிதாரைக் கடித்துத் துப்புகிற மாதிரி வாசித்துக்கொண்டு, ஏறிப்போன வீட்டு வாடகையையும் தூக்க மாத்திரையையும் பாடுகிறாள். இம்மாகுலேட்டுக்குப் பிடித்துவிட்டது. போனைக் காபி டம்ளரில் சாய்த்து வைத்து அவரைக் கேட்கச் சொன்னாள். அவர் நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, வலது காது இன்ஜின் சத்தத்தில் போய் வெகுகாலமாகிறது, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "கிதாரு நல்லாத்தான் வாசிக்கா" என்றார். "ஆனா துக்கத்தக் கடையில வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு." "உங்க கிழவன்மாருக்கு மட்டும் துக்கம் தோட்டத்துல காய்ச்சுதாக்கும்" என்றாள் இவள். "ஆமா, பருத்தித் தோட்டத்துல" என்றார் அவர். அதில் சிரித்திருக்க வேண்டும், நல்ல பதில், வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர் இன்றைக்கும் போடவில்லை. காகிதத்தைப் பிரித்து, தட்டில் வைத்து, தண்ணீரும் வைத்துக் கொடுத்த மாத்திரை இட்லித் தட்டின் ஓரத்தில் சட்னியில் ஊறிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் வந்தது அந்த வார்த்தை. "செத்தவன் பாடினாத்தான் உங்களுக்குப் பாட்டு. அப்ப நீங்களும் அவனுகளோடயே போயி உக்காந்து கேளுங்க." அவர் போனைப் பார்த்தார், இட்லித் தட்டைப் பார்த்தார். "சரி" என்றார். சரி என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது அதில்? யாராவது அதற்குச் சரி என்று சொல்வார்களா? ஏதாவது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், உன் வாய்க்குச் சுண்ணாம்பு வைக்க என்றாவது சொல்லியிருக்க வேண்டும். சரியாம். சிஸ்டர் லியோன்டின் இருந்திருந்தால் நாக்கில் லைஃபாய் சோப்பைத் தேய்த்திருப்பாள், ஐந்தாம் வகுப்பில் தேய்த்தாள், கணக்கு டீச்சரைப் பூசணிக்காய் என்றதற்கு. தேய்த்தும் நாக்கு திருந்தவில்லை, சோப்பின் ருசிதான் பழகிப்போனது. வார்த்தையில் என்ன இருக்கிறது, சொன்னால் நடந்துவிடுமா, அந்த மாதிரி மூடநம்பிக்கையெல்லாம் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தாலும் சொன்ன உடனே அடுக்களைக்குள் வந்து மூன்று விரலால் அடுப்பு மேடையைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை.

டக், ஸ்ஸ்ஸ், டக். இப்போது அதோடு இன்னொரு சத்தமும் வருகிறது. இவள் உரிப்பதை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். டிக், டிக். மோதிரம். நாற்காலிக் கை மேல் கல்யாண மோதிரத்தால் தட்டுகிறார். அப்படியா சங்கதி. தாளம் போடுகிறார், ஊசி சத்தத்துக்கு. அவளைச் சீண்டுவதற்கென்று. எல்லாப் பாட்டுக்கும் அந்த மோதிரத்தால்தான் தட்டுவார், நாற்காலியின் இடது கையில் அந்த இடத்தில் பாலிஷ் போய்க் குழியே விழுந்திருக்கிறது. ஆனால் தாளம் இடறுகிறதே. டிக் டிக், அப்புறம் இல்லை, அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல். வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறார். தப்புத்தாளம் கேட்டால் அவள் ஓடிவந்து திருத்துவாள் என்று தெரியும், அதற்குத்தான் இந்த நாடகம். "தட்டுங்க, நல்லா தட்டுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கை வலிச்சா நிறுத்துங்க." கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள், அவருடைய நல்ல காதுக்கு எட்டட்டும் என்று. தட்டுவது வேகமானது. பார்த்தாயா, எட்டிவிட்டது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வந்த சிரிப்பு பாதி வழியில் எங்கோ சிக்கிக்கொண்டது, ஏன் என்று பார்க்காமல் அடுத்த இறாலை எடுத்தாள்.

போன வருசம் தவக்காலத்தில் ஒரு நாள் காபி குடித்துக்கொண்டிருந்த மனுசனின் வாய் ஒரு பக்கமாக இறங்கியது. காபி உதட்டோரம் வழிந்து சட்டையில் சொட்டியது. என்ன சின்னப்பிள்ளையா என்று இவள் திட்ட ஆரம்பித்து, முகத்தைப் பார்த்ததும் திட்டின வாய் அப்படியே நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரியாகவும் ஆகிவிட்டது, அவரே எழுந்து போய்ச் சட்டை மாற்றினார், கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணிக் காட்டிச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. மகள் வயதுப் பெண், ஸ்டெதஸ்கோப்பை மேசையில் வைத்துவிட்டு இவளைத்தான் பார்த்துப் பேசினாள். "இது எச்சரிக்கைம்மா. அடுத்தது இப்படிச் சொல்லிட்டு வராது. வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிசமே கொண்டு வரணும். இதுக்கு நேரம்தான் மருந்து. லேட்டாச்சுன்னா நாங்க என்ன குடுத்தும் பிரயோசனம் இல்ல." நேரம்தான் மருந்து. வெளியே வந்ததும் அவர், "நல்ல வரி இம்மா, இத வச்சு ஒரு ப்ளூஸ் பாடலாம்" என்றார். இப்படி ஒரு ஆளோடு குடும்பம் நடத்தினால் யாருக்குத்தான் நாக்கு நீளாது. கப்பல் வேலையை விட்டு வந்தபின்னும் ஒவ்வொரு நாளும் கப்பலில் இருப்பது போலத்தான், ரெக்கார்டு ஓடுகிற நேரம் மட்டும் கரையில் இருப்பார். அவளுக்கும் அப்படித்தானே. அவர் கடலில் இருந்த காலத்தில் உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் ஒவ்வொரு ரெக்கார்டாக எடுத்துத் துடைத்து வைத்தது யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்பது என்று ஏற்பாடு, அவர் அங்கே கேபினில் கேசட்டில், இவள் இங்கே ரெக்கார்டில். அங்கே விடிகாலை, இங்கே மத்தியானம். மனுசன் தூங்கிவிட்டாரா, கேட்கிறாரா என்று எப்படித் தெரியும்? தெரியாது. கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அவ்வளவு தண்ணீரைத் தாண்டி அப்படி நினைக்க முடிந்தது. இப்போது ஒரு சுவர்தான்.

போன் அடித்தது. ஷெரின். முழங்கையால் பொத்தானை இடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "என்ன மம்மி, பாட்டு எப்படி இருந்திச்சு, டாடி என்ன சொன்னாரு?" "என்னத்தச் சொல்லுவாரு ஒங்க டாடி. துக்கத்தக் கடையில வாங்கினதாம்." மறுபக்கம் சிரிப்பு. "டாடிட்ட குடு." "குடுக்கதுக்கில்ல. கோவிச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்காக. ரெக்கார்டு முடிஞ்சு போச்சு, ஊசிய எடுக்காம ஓட விட்டிருக்காக. நான் போயி எடுக்கணுமாம்." "எவ்ளோ நேரமா?" "இருக்கும். ஒரு குத்து இறால் உரிச்சுட்டேன்." ஷெரினுக்குப் பின்னால் யாரோ லிஃப்ட் பட்டனைப் பற்றிப் பேசுகிறார்கள். "மம்மி, போய்ப் பாரு." "நான் எதுக்குப் போகணும்? ஒரு நாளாவது அவுகளா எந்திரிச்சு வரட்டும். முப்பது வருசமா நான்தான் போறேன்." "மாத்திரை போட்டாரா?" "அதெல்லாம் போட்டாரு" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? வாய் தானாகச் சொன்னது. மகளிடம் புருசனை விட்டுக் கொடுக்கக் கூடாதென்றா, அல்லது சட்னியில் கிடந்த மாத்திரையைப் பற்றிப் பேசினால் அதற்கு அடுத்ததையும் பேச வேண்டிவரும் என்றா. "தாளம் வேற போடுதாக, கேளு" என்று போன் பக்கம் கையைக் காட்டினாள், மகள் என்னவோ இங்கே உட்கார்ந்திருப்பது போல. கேட்டார்கள் இரண்டு பேரும். டக், ஸ்ஸ்ஸ், டக். மோதிரச் சத்தம் இல்லை. "ஊசி சத்தம்தான் கேக்குது மம்மி." "நிறுத்திட்டாக. வெக்கம்." "மம்மி, ப்ளீஸ், ஒரு எட்டு பாத்துட்டு எனக்குச் சொல்லு. மீட்டிங் இருக்கு." வைத்துவிட்டாள். எல்லோருக்கும் மீட்டிங் இருக்கிறது.

போகத்தான் போகிறாள். இந்தச் சட்டியில் இருக்கிறதை முடித்துவிட்டுப் போகிறாள். பாதியில் எழுந்தால் இறால் கெட்டுப்போகும், இந்த வெக்கைக்கு நாறிவிடும். அதுவுமில்லாமல் இப்போது எழுந்து போனால் என்ன ஆகும், அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இவள் நிலைப்படியில் நிற்பது தெரிந்தும் தெரியாத மாதிரி, அப்புறம் உதட்டோரம் அந்தச் சிரிப்பு, வந்துட்டியா என்று கேட்காமல் கேட்கிற சிரிப்பு. அதை அவளால் பார்க்க முடியாது. இல்லை, பார்க்க முடியும், பார்க்க வேண்டும், அதைத்தான் இப்போது பார்க்க வேண்டும். இவள் என்ன இப்படி நினைக்கிறாள். தூங்கியிருப்பார். சாப்பிட்ட மயக்கம். தூங்கினால் குறட்டை கேட்குமே, மூன்றாம் வீட்டுக்குக் கேட்கிற குறட்டை. சரி, குறட்டை இல்லாமல் தூங்குகிறார், ஒரு நாளைக்கு மனுசன் குறட்டை விடாமல் தூங்கக் கூடாதா. "ஏங்க" என்று கூப்பிட்டாள். டக், ஸ்ஸ்ஸ். காது கேட்காத பக்கம் இவள் பக்கமாகத் திரும்பியிருக்கும். "ஏங்க." இப்படி இரண்டு தடவை கூப்பிடுவதுதான் ப்ளூஸ் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார், ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, பாடம் எடுப்பவர் மாதிரி விரலை மடக்கி. "பாரு இம்மா, முதல்ல ஒரு வரி பாடுவான். யாரும் என்னன்னு கேக்கல. அதையே மறுபடி பாடுவான். அப்பவும் யாரும் கேக்கல. மூணாவது வரியில அவனே பதிலையும் சொல்லிக்கிடுவான். எல்லாப் பாட்டும் இதான். அடிமையா இருந்தவன்ல, வேற யாரு பதில் சொல்லுவா." அதற்கு இவள், "இதக் கண்டுபிடிக்க அவ்வளவு தூரம் போகணுமாக்கும், எங்க அடுக்களையில தெனமும் நடக்குது, ரெண்டு தடவ நான் கூப்பிடுதேன், மூணாவது நானே பதில் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவர் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்து, எழுந்து வந்து, அவள் நெற்றியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். நீதாண்டி பாட வேண்டியவ, என்றார். கிளமென்ட் வாஸ் அவளைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான். இல்லை, இரண்டு தடவை. இல்லை, நிறையத் தடவை, எல்லாம் மறந்துபோய்விட்டது, மாத்திரை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கரண்டு போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். மாதாவே, கரண்டு போகட்டும். இது நல்ல யோசனை, யாரும் தோற்க வேண்டாம், ரெக்கார்டு தானாக நிற்கும், அவர் எழுந்தாக வேண்டும். கரண்டு போனால் மனுசன் ஒரு விநாடி உட்கார மாட்டார். கப்பல் புத்தி. திரும்பி வரும்போது கரண்டு குதித்துக்கொண்டு வரும், மிசினைச் சாப்பிட்டுவிடும் என்று பாய்ந்து போய் பிளேயரின் சுவிட்சை அணைப்பார். குளித்துக்கொண்டிருந்தாலும் துண்டோடு ஓடி வருவார். ஷெரின் கல்யாணத்தன்று வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு உள்ளே ஓடினார், கரண்டு போய்விட்டதென்று. கரண்டு போகட்டும் மாதாவே, உன் தேருக்கு வடம் பிடிக்க வருகிறேன், இடுப்பு வலியைப் பார்க்காமல் வருகிறேன். நினைத்து முடிக்கவில்லை, நம் ஊர் மின்சாரத்துக்குச் சொல்லவா வேண்டும், தலைக்கு மேல் விசிறி முனகிக்கொண்டு தளர்ந்தது, ஃபிரிட்ஜ் ஒரு தடவை உடம்பைக் குலுக்கி அடங்கியது. முன்னறையில் சத்தம் இழுபட்டது. டக், ஸ்ஸ்ஸ்ஸ்ஸ், ட்ட்ட… நின்றது. அப்பாடா என்றாள் இம்மாகுலேட். இப்போது எழுந்திருப்பார். பிரம்பு நாற்காலி முறுக்குகிற சத்தம் வரும். செருப்பைத் தரையோடு தேய்த்துக்கொண்டு இரண்டடி. சுவிட்ச். அப்புறம் கரண்டுக்காரனை நல்ல வார்த்தையில் ஒரு வசவு. அவள் இறாலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவில் யாரோ சைக்கிளைச் சாய்க்கிறார்கள். காகம். குழாயிலிருந்து பாத்திரத்தில் ஒரு சொட்டு. நாற்காலி முறுக்கவில்லை. எழுந்திருங்கள். கரண்டு வந்துவிடும், குதித்துக்கொண்டு வரும், உங்கள் பிளேயர் போய்விடும், எழுந்திருங்கள் என்று அவளுக்குள் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள், வெளியே ஒரு சத்தமும் இல்லை. வீடு இவ்வளவு அமைதியாக எப்போது இருந்தது? அவர் கடலில் இருந்தபோதுகூட இப்படி இல்லை. பிறகு விசிறி அசைந்தது. ஃபிரிட்ஜ் தொண்டையைச் செருமியது. முன்னறையில் அந்தச் சத்தம் அடியிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டு வந்தது, ஸ்ஸ்ஸ், டக், ஸ்ஸ்ஸ், டக். சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை.

எழுந்தபோது சட்டி கவிழ்ந்து உரித்த இறாலெல்லாம் தரையில் ஓடியது. கையைக் கழுவவில்லை. அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் எப்போது வந்தது, வழியில் இருந்த சாப்பாட்டு மேசை, நாற்காலி, ஷெரின் பழைய ஹார்மோனியம், எல்லாவற்றையும் யாரோ இடத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். இல்லை, எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. அவரும் இருந்த இடத்தில்தான் இருந்தார். நாற்காலியில் வலது பக்கமாகச் சரிந்து, வலது கை தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் போலத் தொங்கி, வாய் ஒரு பக்கம் இறங்கி, எச்சில் மோவாயிலிருந்து பனியனுக்கு ஒரு நூல். இடது கை நாற்காலியின் கையில், மோதிரம் அந்தக் குழியில். கண் திறந்திருந்தது. நிலைப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது இவள் வந்ததற்காகத் திரும்பின கண் இல்லை அது, எப்போதிலிருந்தோ அங்கேயே பார்த்துக்கொண்டிருந்த கண். பக்கத்தில் ஸ்டூல், அவளுக்காகக் காலால் தள்ளிவிட்டபடி.

தட்டினது தாளம் இல்லை. நல்லா தட்டுங்க, கை வலிச்சா நிறுத்துங்க. எட்டியிருக்கும், நல்ல காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இறால் கையால் ஊசியைப் பிடித்துத் தூக்கினாள், அது ஒரு கீறல் கீறிக்கொண்டு எழும்பியது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ம்ம் மாதிரி, ஆ மாதிரி. சட்டத்தை மீறினதற்கு வைகிறாரா, பேரைக் கூப்பிடுகிறாரா. "பேசாதீங்க, பேசாதீங்க, இந்தா வந்துட்டேன்ல" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். ஈர விரலுக்கு அது திறக்க மாட்டேன் என்றது. சேலையில் துடைத்தாள், மறுபடி அழுத்தினாள், மறுபடி துடைத்தாள். முந்தானை முழுக்க இறால் வாடை. ஆம்புலன்சுக்குப் பேசுகிற பையன் நிதானமாகத் தெருவைக் கேட்டான், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டான், மூச்சு இருக்கிறதா, கண் முழித்திருக்கிறாரா, எந்தக் கை. எல்லாவற்றுக்கும் அவள் டக் டக்கென்று பதில் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தவள்தானே. "வண்டி கிளம்பிருச்சும்மா. ஒண்ணு மட்டும் சரியாச் சொல்லுங்க, டாக்டர் அதத்தான் மொதல்ல கேப்பாரு. எப்பல இருந்து இப்படி இருக்காரு?"

அவர் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. இடது கையை அவள் பிடித்துக்கொண்டாள், மோதிரம் சூடாக இருந்தது.

"பாட்டு முடிஞ்சதுல இருந்து" என்றாள்.

"என்னம்மா? சரியாக் கேக்கல. எப்பல இருந்து?"

"பாட்டு முடிஞ்சதுல இருந்து."

"அம்மா, பாட்டுன்னா என்ன பாட்டு? நீங்க அப்ப கூட இல்லியா? அவரு எப்படி இருந்தாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் இம்மாகுலேட்.